போலீஸ் தோட்டாவும் பொது ஜனங்களும்

மார்க்கண்டனுக்காகச் சிவபெருமான் காலனை உதைத்த ஸ்தலம் திருக்கடையூர் என்பதை நேயர்கள் அறிவார்கள். அறுபதும் எண்பதும் நிறைந்தோர் சுற்றஞ் சூழ வந்து, ஆயுள் விருத்தி வேண்டி நிற்கும் அச்சந்நிதியில் ஜனநெருக்கம் சொல்லி முடியாது. அத்தகைய கூட்டத்தில் ஒரு போலீஸ் அதிகாரி கைத்துப்பாக்கியை எடுக்க நேர்ந்தால், அவருடைய தோட்டா குற்றவாளியின் உடலிலேயே தங்குமா, துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர்மேலும் பாயுமா? போலீஸுக்குத் துப்பாக்கி தேர்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

அந்நிய ஆட்சி இக்கேள்வியைப் பெரிதாக எண்ணியதில்லை. பட்டாள ரைபிளின் குழாயை வழவழப்பாகக் குடைந்து, ஒரு வேளைக்கு ஒரு தோட்டாவே இடும்படி மாற்றி, .410 மஸ்கட் என்று போலீஸ்காரர் கையில் கொடுத்தது. தான் வைத்த காவலரையே அது முழுதும் நம்பவில்லை என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? அதிகாரிகளுக்குக் கிடைத்த .38 ரிவால்வரும் பட்டாளத்தின் வழி வந்ததே. பழைய .455 ரிவால்வர் கையை உதறியது; சொற்பப் பயிற்சி பெற்றவர்களால் அதைக் கொண்டு குறி தவறாது சுட முடியவில்லை. ஆகவே 1932-இல் பிரிட்டிஷ் ராணுவம் .38-ஐ ஏற்றுக்கொண்டது. சுதந்திரத்திற்குப் பின் இச்சாப்பூரில் செய்யப்பட்ட, 13 தோட்டா கொள்ளும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலும் முதலில் ராணுவத்திற்கென்று ஏற்பட்டதுதான்.

யுத்தத்தின் சட்டம் வேறு, வீதியின் சட்டம் வேறு. கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் தோன்றிய, உடலுக்குள் விரியும் தோட்டாவை 1899-ஆம் வருஷத்து ஹேக் பிரகடனம் யுத்தத்தில் விலக்கியது. ஆகையால் ராணுவத் தோட்டாவுக்கு முழு உலோக உறை உண்டு. அது ஓர் உடலைத் துளைத்து அப்பாலும் செல்லக் கூடியது. விரியும் தோட்டாவோ கொடிய காயம் செய்யும். ஆயினும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அயலாருக்கு அபாயம் குறைவு என்னும் காரணத்தால் அமெரிக்கப் போலீஸார் அதையே கைக்கொண்டனர். இவ்விரண்டில் எது தருமம் என்று நம் நாட்டில் பகிரங்கமாக விவாதிக்க வேண்டாமா?

பெரிய தோட்டா கொடுத்தால் போதும் என்பாரும் உளர். அவர்கள் அமெரிக்காவின் அனுபவத்தைக் கவனிப்பார்களாக. 1986 ஏப்ரல் 11-இல் மையாமி நகருக்கருகே இரு கொள்ளைக்காரரோடு நடந்த சண்டையில் எப்.பி.ஐ. இலாகாவைச் சேர்ந்த இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளைக்காரன் ஒருவன் உடலில் பாய்ந்த 9 மில்லிமீட்டர் தோட்டா இருதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. பழி தோட்டாவின்மேல் விழுந்தது. இலாகா 10 மில்லிமீட்டரை நாடியது. அதன் உதைப்புப் பலருக்குத் தாங்கவில்லை. பின்னர் .40 வந்தது. 2014-இல் அவ்விலாகாவின் ஆராய்ச்சியாளர்களே 9 மில்லிமீட்டருக்குத் திரும்புவதே நலம் என்றனர். தோட்டாவின் அமைப்பு இதற்குள் சீர்திருந்தியிருந்தது. உதைப்புக் குறைந்ததனால் குறியில் படுபவையும் அதிகம். குறி தவறிய பெருந்தோட்டாவினால் யாருக்கு என்ன பயன்? அது வழியே போகும் நிரபராதியைத் தேடிச் செல்லும்.

நமது அரசியல் சாசனப்படி போலீஸ் மாகாணத்தின் பொறுப்பு. நவீன ஆயுதம் வாங்க மத்திய சர்க்கார் 1969 முதல் பொருளுதவி செய்து வருகிறது. 1970-இல் ஏற்பட்ட போலீஸ் ஆராய்ச்சி வளர்ச்சி ஸ்தாபனம் தளவாடங்களின் தரத்தை வகுக்கிறது. காவேரிக் கரையிலுள்ள திருச்சியிலேயே 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. பணமும் தொழிலும் உள்ளன. கணக்குக் கேட்பார்தாம் வேண்டும்.

2018 மே மாதத்தில் தூத்துக்குடித் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டனர். அங்கே வெடித்தவை நீண்ட துப்பாக்கிகள். ஆயினும், காவலன் கையில் எதைக் கொடுத்தோம், எப்பொழுது எடுக்கச் சொன்னோம் என்னும் விசாரணை இரண்டிற்கும் பொதுவானதே.

ஆகையால், போலீஸ் மானியம் சட்டசபைக்கு வரும்போது அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கக் கடவர். வாங்கும் தோட்டா எவ்வகையது? ஒவ்வொரு போலீஸ்காரரும் வருஷத்திற்கு எத்தனை தோட்டா சுட்டுப் பழகுகிறார்? எடுக்காமலே சமாளிக்க அவருக்கு என்ன கற்பித்தீர்கள்? தோட்டாவின் விலையைக் கொடுப்பவர்கள் பிரஜைகள். அதன் முன்னால் நிற்பவர்களும் அவர்களே. விடை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.