சுடாத விளக்கு, ஆறாத வெந்நீர்

மார்கழி மாத விடியலில் மூணாற்று மலைச்சரிவுகளில் சில நாள்கள் உறைபனி படிந்திருக்கும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வெந்நீர் காயவைப்பதே அன்றைய முதல் வேலை. பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலோ அந்நேரத்திலும் பலர் குளிர்ந்த நீரிலேயே குளித்துவிடுவர். இவ்விரு பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. விளக்கின் தேவை இரண்டு இடங்களுக்கும் பொது. வெந்நீரின் தேவை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆகவே, சிக்கனத்தின் வழியும் மாறுகிறது.

மின்சாரம் பிறக்கும் இடம்

கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் மூணாற்றுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலில் 1940ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றின் நீரே அதற்கு ஆதாரம். 1976இல் தொடங்கிவைக்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் திறன் 780 மெகாவாட். மழை பொய்த்தால் அணையின் நீர்மட்டம் தாழும். வெளி மாநிலங்களிலிருந்து மின்சாரத்தை விலைக்கு வாங்க நேரும். ஆதலால் வீட்டில் சேமிக்கும் ஒவ்வோர் அலகு மின்சாரமும் அணையில் மிஞ்சும் நீர் எனலாம்.

விளக்கு சுடலாகாது

பழைய குண்டு விளக்கினுள் டங்ஸ்டன் இழை உண்டு. மின்சாரம் பாயும்போது அவ்விழை பழுக்கக் காய்ந்து ஒளிர்கிறது. அது பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. எரியும் குண்டு விளக்கைத் தொட்டால் கை சுடுவது இதனால்தான்.

60 வாட் குண்டு விளக்கு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடும். நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால், 60 நாள்களில் குண்டு விளக்கு 18 அலகுகளைச் செலவிடும்; எல்.இ.டி. விளக்கு 2.7 அலகுகளையே செலவிடும்.

காசர்கோடு மாவட்டத்துப் பீலிக்கோடு ஊராட்சி, இழைவிளக்கே இல்லாத ஊராட்சியாக 2020ஆம் ஆண்டில் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டு கேரள மின்வாரியம், பழைய குண்டு விளக்குகளைப் பெற்றுக்கொண்டு 9 வாட் எல்.இ.டி. விளக்குகளை வீடுகளுக்கு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

வெந்நீர் ஆறலாகாது

விளக்கை மாற்றிய பின்னும் கட்டணம் குறையாத வீடுகள் உண்டு. காரணம் குளியலறையில் இருக்கலாம். 15 பாகை வெப்பநிலையிலுள்ள 15 லிட்டர் நீரை 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.44 அலகு மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் ஒரு 9 வாட் விளக்கு ஏறத்தாழ 48 மணி நேரம் எரியும்! நால்வர் நாளுக்கு ஒரு வாளி வெந்நீரில் குளித்தால் 60 நாள்களில் ஏறத்தாழ 105 அலகுகள் செலவாகும்.

விளக்கைப் போல இதனைப் பல மடங்கு குறைக்கவியலாது. நீரைச் சூடாக்க அவ்வளவு வெப்பம் தேவைப்படவே செய்யும். ஆனால் சூடாக்கிய நீர் பயனின்றி ஆறுவதைத் தடுக்கலாம். தொட்டியுள்ள கீசர் வாங்குவோர் அதன்மேலுள்ள நட்சத்திரக் குறியைப் பார்த்தல் வேண்டும். நட்சத்திரம் மிகுந்தால் தொட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம் குறைவு என்பது பொருள். குளிப்பதற்குச் சற்று முன்னர் இயக்குவதும், வேண்டிய அளவு சூடானதும் நிறுத்துவதும் நல்ல வழக்கங்கள்.

வெயில் மிகுந்த பாலக்காட்டில் சூரிய வெந்நீர்க் கலன் நன்கு பயன்படும். தொடக்கச் செலவு மிகுதியெனினும் பின்னர் வெயிலுக்கு விலையில்லை. இடுக்கியிலோ மழைக்காலத்தில் மேகம் கவிந்திருப்பதால் துணைக்கு வேறொரு வழியும் வேண்டும். வரிசையாகக் கட்டப்பட்ட தோட்டக் குடியிருப்புகளில் கூரை குடும்பத்தாருக்குச் சொந்தமன்று. அங்குக் கலன் பொருத்துதல் எளிதன்று. அத்தகைய வீடுகளில் விறகைக் குறைவாக உண்ணும் புகையில்லா அடுப்பும், பாத்திரத்துக்கு ஒரு மூடியும் பெரும் உதவி புரியும்.

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் பரப்பிய ‘சூடாறாப்பெட்டி’ இங்கு நினைக்கத்தக்கது. கொதித்த உலைப்பானையை வெப்பம் கடத்தாப் பெட்டிக்குள் வைத்து மூடினால், அடுப்பின்றியே அரிசி வெந்துவிடும். மலையாளப் பெயரே ஆயினும் தமிழருக்கும் விளங்கும் பெயர். வெப்பத்தைக் காத்தலே அதன் தத்துவம்.

ஓர் எச்சரிக்கை: வாளியில் இடும் ஹீட்டர் கம்பி விலை மலிவானது, ஆனால் ஆபத்தானது. இணைப்பை முற்றிலும் பிடுங்காமல் நீரைத் தொடலாகாது. உலோக வாளியில் அதனை இடலாகாது. சிறுவர் அதனைக் கையாளவே கூடாது.

விளக்கு ஒளி தருவதற்கு. அது சுட்டால் வீண். வெந்நீர் வெப்பம் காப்பதற்கு. அது ஆறினால் வீண். இதனை உணர்ந்த வீட்டில் சிக்கனம் தானே குடிபுகும்.

அருஞ்சொற்பொருள்

அலகு – யூனிட்
இழை – மெல்லிய கம்பி
பாகை – வெப்பநிலையின் அளவு (டிகிரி)
கவிதல் – சூழ்ந்து மூடுதல்

பயிற்சி

1. குண்டு விளக்கு கையைச் சுடுவது ஏன்?
2. பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் ஏற்ற வெந்நீர் வழிகளை ஒப்பிட்டு எழுதுக.
3. உம் வீட்டு விளக்குகளின் வாட் அளவுகளைப் பட்டியலிட்டு, 60 நாள்களில் அவை செலவிடும் அலகுகளைக் கணக்கிடுக.