பிள்ளையார் இறங்கினார்!

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்த என் அண்ணன் மகள், டீச்சர் வேலைக்கு மாலத்தீவு கிளம்பினாள். வழியனுப்ப கடலூரிலிருந்து போயிருந்தேன். நானும் அங்கே ஒரு தீவில் மூன்று வருஷம் டீச்சராக இருந்தவள்தான்.

புடவைகளுக்கு நடுவே அண்ணி ஒரு பித்தளைப் பிள்ளையாரை வைத்தார். "அண்ணி, வழிபாட்டுச் சிலையை அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்க" என்றேன். அண்ணியின் முகம் வாடிவிட்டது.

அடுத்து, "ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் ஏஜென்ட் கேக்கறார் அத்தை" என்றாளே, எனக்குப் பகீரென்றது! அப்படிக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஒன்பது மாதம் அலைந்தேன். "நகல் மட்டும் கொடு. சான்றொப்பத்துக்கு நீயே நேரில் போ. அந்த ஆள் வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரான்னு முதல்ல பாரு. சம்பளம் டாலரா, ருஃபியாவா, ஊருக்கு எப்படி அனுப்பறதுன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு" என்றேன்.

பாடம் நடத்துவதைப் பற்றிக் கவலையில்லை. திவேஹி, இஸ்லாம் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். லீவு வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளிக்கூடம் உண்டு. இது பழகத்தான் எனக்கு ரொம்ப நாளாச்சு!

ஒரிஜினல்கள் பீரோவுக்குள் போயின. பிள்ளையார் பூஜையறைக்குத் திரும்பினார். அவர் இடத்தில் அண்ணி இரண்டு பாக்கெட் வத்தக்குழம்புப் பொடியைத் திணித்தார்.

- ஒரு வாசகி, கடலூர்