பாறைச் சுவருக்குப் படகோட்டிய குருவானவர்

பணி ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவர் பாய்மரப் படகில் வட துருவக் கடலுக்குச் சென்றுவந்தார் என்று கேட்கும் கொழும்புத் தமிழர், அதனை முதுமையில் தோன்றிய விசித்திர ஆசையென்றே எண்ணக்கூடும். ஏனெனில் வெள்ளவத்தைவாசிக்குக் கடல் மாலைக் காற்று வாங்கும் இடம், கொட்டாஞ்சேனைவாசிக்கோ துறைமுகத்தையும் அதன் தொழில்களையும் சார்ந்த ஒன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்த வரலாறு நமக்கு உண்டெனினும், அக்கப்பலைக் கட்டியவர்களுக்குக் கடலோட்டம் பிழைப்பாக இருந்ததேயன்றிப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த வண. பொப் ஷெப்டனுக்கு அது பிழைப்புமன்று, வெறும் பொழுதுபோக்குமன்று.

1935இல் பிறந்த ஷெப்டன், தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் வளர்ந்த மலாயாவின் இறப்பர்த் தோட்டச் சூழலில் சிறுவயதைக் கழித்து, இரண்டாம் உலகப் போரில் தந்தையை இழந்து, பின்னர் பிரித்தானியக் கடற்படையின் தரைப்போர்ப் பிரிவான ரோயல் மரீன்ஸில் பணியாற்றி, கேம்பிரிட்ஜில் பயின்று குருப்பட்டம் பெற்றார். பாடசாலைகளில் மாணவரின் ஆன்மிக நலனைக் கவனிக்கும் குருவாக இருந்த காலத்தில் அவர்களுக்குப் பாறையேறவும் படகோட்டவும் கற்றுக்கொடுத்தார்; 1993 முதல் 1995 வரை, பாடசாலைக் கல்வியை முடித்த இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு, அந்தாட்டிக்காவையும் தென்னமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹோர்னையும் தொட்டு உலகைச் சுற்றிவந்தார். அப்பயணத்துக்குப் பயன்பட்ட 'டோடோஸ் டிலைட்' 33 அடி நீளமே கொண்ட, கண்ணாடியிழையாலான படகு; பனிக்கட்டி மோதினால் தாங்குவதற்கென்று கட்டப்பட்டதன்று.

கடல் வழியே சென்று மலையேறும் முறையில் ஷெப்டனுக்கு முன்னோடியாக இருந்தவர், 1936இல் நந்தாதேவிச் சிகரத்தின் உச்சியை முதன்முதலில் அடைந்த இருவருள் ஒருவரான எச். டபிள்யூ. டில்மன். அவர் ஐம்பது வயதைத் தாண்டிய பின் பழைய படகொன்றை வாங்கி, துருவக் கடற்கரைகளிலுள்ள மலைகளை நாடிப் பல ஆண்டுகள் பயணம் செய்து, 1977இல் தென் அத்திலாந்திக்கில் காணாமற்போனார்.

கிறீன்லாந்தின் மேற்குக் கரையில், பனியாறுகள் குடைந்த ஒடுங்கிய கடற்கால்களின் இருமருங்கிலும் பல நூறு மீற்றர் உயரப் பாறைகள் செங்குத்தாக நீரிலிருந்தே எழுகின்றன. அவற்றின் அடியில் கூடாரமடிக்கத் தரையில்லை. நங்கூரம் பிடிக்க முடியாத அளவுக்கு நீர் ஆழம். ஆகவே மலையேறுநர் பொதிகளை இறக்கி வைத்துத் தங்கும் அடிவார முகாமின் இடத்தைப் படகே ஏற்க வேண்டியிருந்தது. 2010இல் ஷெப்டன், பாறையேறுநர்களான நிக்கொலா, ஒலிவியே ஃபவ்ரெஸ் சகோதரர்களையும் ஷோன் வில்லானுவேவாவையும் பென் டிட்டோவையும் அங்கு கொண்டுசென்று, பாறையை ஒட்டிப் படகை நிறுத்த, அவர்கள் படகின் மேல்தளத்திலிருந்தே கல்லைப் பற்றி ஏறினர். அலை சற்றே தூக்கினாலும் படகு பாறையில் மோதிவிடும் என்பதால், ஏறுபவரின் திறமைக்குச் சற்றும் குறையாத திறமை சுக்கானைப் பிடித்தவருக்கும் வேண்டியிருந்தது. மலையேற்ற உலகின் உயர் விருதான பியோலே டோர் 2011இல் இக்குழுவுக்கு வழங்கப்பட்டபோது, ஏறியவர்களோடு படகோட்டிய குருவானவரும் சேர்க்கப்பட்டது மிகப் பொருத்தமே.

அதன் பின் அவர் வடமேற்குக் கடல்வழியை நாடினார். அத்திலாந்திக்கையும் பசிபிக்கையும் கனடாவின் வட தீவுகளினூடாக இணைக்கும் இவ்வழியில், 1845இல் புறப்பட்ட பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிராங்க்ளினின் பயணம் 129 பேரையும் பலிகொண்டது. 1903 முதல் 1906 வரை முயன்றே நோர்வே நாட்டவரான அமுண்ட்சென் அதை முதலில் கடந்தார். திசையறி கருவியின் முள் அங்கு நம்பத்தகாதது. பனிப்பாளங்களுக்கிடையே திறந்திருக்கும் நீர்ப்பாதையும் காற்று மாறினால் சில மணி நேரத்திலேயே மூடிக்கொள்ளலாம். ஷெப்டன் 2012இல் கிழக்கிலிருந்து மேற்காகவும் மறு ஆண்டில் எதிர்த்திசையிலும் இதனைக் கடந்தார். கோடைப் பனி முன்னைவிடச் சுருங்கிவருவது இத்தகைய சிறு படகுகளுக்கு வழி திறந்துவிட்டது உண்மையே. என்றாலும் எழுபத்தேழு வயதில் இரவுக் காவலுக்கு முறைபோட்டுக் குளிரில் விழித்திருந்த உழைப்பை அது குறைத்துவிடுவதில்லை.

இழப்பும் அவருக்குப் புதிதன்று. கிறீன்லாந்தில் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கியிருந்தபோது முதலாவது 'டோடோஸ் டிலைட்' தீக்கிரையானது; அவர் அதே வகைப் படகொன்றைத் தேடி வாங்கி, அதற்கும் அதே பெயரையே இட்டார். 2010இன் பாறைச் சுவர்களுக்கும் பின்னர் வடமேற்குக் கடல்வழிக்கும் சென்றது இந்த இரண்டாவது படகே; 2014இல் அதே நால்வரையும் ஏற்றிக்கொண்டு அது மீண்டும் வடக்கே புறப்பட்டது.