கடல் இல்லாத கோவையில் கடற்படைச் சிறகுகள்

கோவைக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு கோவையை அடுத்த சூலூர் ஓடுதளம் பதில் சொல்லும். இன்று கோவாவில் இருக்கும் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா, 1961 செப்டம்பர் 5 அன்று பிறந்தது சூலூரில்தான். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்காக வாங்கிய சீ ஹாக் ஜெட் விமானங்கள் இங்கே பறந்தன. கோவா இந்தியாவுடன் இணைந்த பிறகு, 1964-ல்தான் தளம் டாபோலிமுக்கு மாறியது. அதற்கும் முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கக் கோவையில் 'கருடா' என்ற தளத்தை நடத்தியது.

இத்தனை பெருமை உள்ள ஊரின் விமான நிலையத்தில் கடற்படை விமான வரலாற்றுக்கென ஒரு காட்சிக்கூடம் கட்டாயம் வேண்டும்.

சிகாகோவும் கடலோர ஊர் அல்ல. ஆனாலும் அங்குள்ள விமான நிலையத்துக்கு 1949-ல் கடற்படை விமானி எட்வர்ட் ஓஹேரின் பெயரைச் சூட்டினார்கள். 1942-ல் தன் கப்பலைத் தாக்க வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைத் தனியாளாக எதிர்த்து நின்றவர் அவர். பயிற்சியின்போது மிச்சிகன் ஏரியில் விழுந்து, பல பத்தாண்டுகள் அடியிலேயே கிடந்த ஒரு வைல்ட்கேட் விமானத்தைத் தூக்கியெடுத்துச் சீர்செய்து, ஓஹேர் ஓட்டிய விமானத்தின் அடையாளங்களைத் தீட்டி, பயணிகள் நடக்கும் வழியிலேயே வைத்தார்கள்.

கோவைக்கு ஒரு சீ ஹாக் போதும். இறக்கையை மடக்கிய நிலையில் நிறுத்தினால், கப்பலுக்குள் இடம் எவ்வளவு நெருக்கடி என்பது குழந்தைக்கும் புரியும். வாலடியில் இருக்கும் கொக்கியைப் பக்கத்தில் நின்று பார்க்க விட வேண்டும். கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தை அந்தக் கொக்கி பிடித்தால்தான் விமானம் நிற்கும். தவறினால் விமானி மறுபடி மேலே எழும்ப வேண்டும். கூடவே 1971 வங்கதேசப் போரில் டிசம்பர் 4-ன் கதையும் வேண்டும். கொதிகலன் ஒன்றில் விரிசலோடு, முழு வேகத்தில் ஓட முடியாத விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக்குகள் அன்று காக்ஸ் பஜாரைத் தாக்கின.

விமான நிலையத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை வருமே, இதற்கு ஏது இடம் என்று கேட்பவர்கள் உண்டு. பயணி காத்திருக்கும் கூடத்தில் ஒரு மூலை கிடைக்காமலா போகும்?

என் கவலை இடத்தைப் பற்றியது அல்ல. நாம் தாமதித்தே பழகியவர்கள். 1997-ல் ஓய்வுபெற்ற விக்ராந்தை அருங்காட்சியகமாக நிலைநிறுத்தப் பல ஆண்டுகள் பேசினோம். கடைசியில் 2014-ல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். 2017-ல் ஓய்வுபெற்ற விமானந்தாங்கிக் கப்பல் விராட்டும் கப்பல் உடைக்கும் ஆலங் கடற்கரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இரும்பு போனாலும் படமாவது மிஞ்சும். மனிதர்கள் போனால்? 1961-ல் இருபது வயதில் சூலூரில் ஸ்பேனர் பிடித்த மெக்கானிக்குக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். எந்த போல்ட் அடிக்கடி தளர்ந்தது, இரவில் எஞ்சின் சோதனை எப்படி நடந்தது என்பதையெல்லாம் அரசுக் கோப்புகள் சொல்லாது. அவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, கண்ணாடிப் பெட்டிக்கும் விளக்குக்கும் டெண்டர் விடுவது பிறகு இருக்கட்டும். கோவை வட்டாரத்தில் இருக்கும் முன்னாள் கடற்படை விமானப் பணியாளர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் பேசுவதைப் பதிவுசெய்யும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.