கம்ப்யூட்டர் குரூப் மார்க் எங்க போகுது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு: "அண்ணா, தங்கச்சி கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேரப் போறா. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா ஐடி ஈஸியா?"

முதல்ல ஒரு கசப்பான கணக்கு. பொறியியல் கலந்தாய்வுக்கு கட்-ஆஃப் 200. அதுல கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியலுக்கு? ஒண்ணுமே இல்ல. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டுக்கே கம்ப்யூட்டர் மார்க் கணக்குல வராது! காரணம் நியாயமானதுதான். பயாலஜி குரூப் பசங்களும் அதே வரிசையில நிக்கிறாங்க, அவங்களுக்கு இந்தப் பாடமே கிடையாது.

ஆனா ஸ்கூல்ல நடக்கிறது என்ன? நான் படிச்ச இடத்துல அரையாண்டு முடிஞ்சதும் லேப் பீரியட் கணக்கு டெஸ்டுக்குப் போயிடும். நாலு பேருக்கு ஒரு சிஸ்டம், அதுலயும் கீபோர்டு ஒருத்தன் கையிலதான். மத்த மூணு பேரும் புரோகிராமை மனப்பாடம் பண்ணி பிராக்டிகல்ல எழுதிட்டு வந்தோம். அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தன்.

பாடம் மட்டும் இப்போ நிஜமாவே நல்லாயிருக்கு. எங்களுக்கு பிளஸ் டூ முதல் புத்தகமே ஸ்டார் ஆபீஸ்; வேலைக்கு வந்தப்புறம் அதை ஒரு தடவைகூட நான் திறந்ததில்ல. 2018-ல பாடத்திட்டம் மாற ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பதினொண்ணுல சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டுல பைத்தான், கூடவே மைஎஸ்க்யூஎல். தமிழ் மீடியத்துல 'லூப்' வந்து 'மடக்கு'. தம்பி, உங்க வீட்ல தறி இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஜக்கார்டுல அட்டைகளை வரிசையா கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோட கட்டியிருப்பாங்க இல்ல? ஓட்டை இருந்தா இழை மேல போகும், இல்லன்னா போகாது. சுத்து முடிஞ்சா டிசைன் திரும்ப முதல்ல இருந்து வரும். மடக்குன்னா அதேதான். தங்கச்சிக்கு அப்பாவே சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். ஆறுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படிச்சவங்களுக்கு பொறியியல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல இருந்து இருக்கு. அரசு உதவி பெறும் பள்ளி இதுல வராது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு மாத்திச் சேர்த்துடாதீங்க. பொன்னேரிக்கரையில இருக்கிற அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிக்கும் இந்தக் கலந்தாய்வு வழியாத்தான் போகணும். காஞ்சிபுரம்னு பேர் வெச்ச ஐஐஐடிடிஎம் வேற. அது மேலக்கோட்டையூர்ல இருக்கு, அங்க ஜேஇஇ மெயின்.

அதனால குரூப்பை தைரியமா எடுக்கட்டும். சீட்டுக்கு கணக்கு, இயற்பியல், வேதியியல். சீட் கிடைச்சப்புறம் முதல் செமஸ்டர்ல முழிக்காம இருக்க பைத்தான். ஃபோன்லயே தினமும் பத்து வரி எழுதிப் பார்க்கலாம், இலவச ஆப் இருக்கு. அட்மிஷன் அன்னிக்கு ரிசல்ட் போர்டைப் பார்த்துட்டு வந்துடாதீங்க. லேப்ல ஒரு சிஸ்டத்துக்கு எத்தனை பேரு, ஜனவரியிலயும் லேப் திறந்திருக்குமான்னு கேட்டுட்டு வந்து எனக்கு எழுதுங்க.