பேட்டரியே இல்லாத ரிமோட்!

பழைய டிவி ரிமோட்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சென்ற மாதம் இபே தளத்தில் ஓர் அமெரிக்க ரிமோட் குறைந்த விலைக்கு வந்திருந்தது. ஜெனித் நிறுவனத்தின் ஸ்பேஸ் கமாண்ட். "பேட்டரி இல்லை, வேலை செய்யவில்லை" என்று விற்பவர் எழுதியிருந்தார். பக்கத்தை மூடும் முன் கூகுளில் தேடிப் பார்த்தேன். இதற்குப் பேட்டரியே தேவையில்லையாம்!

1956ல் வெளிவந்த இதை உருவாக்கியவர் ராபர்ட் அட்லர். பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். அப்போது எழும் அல்ட்ராசானிக் ஒலி நம் காதுக்குக் கேட்காது, டிவிக்குக் கேட்கும். உடனே சேனல் மாறும். ஒவ்வொரு பட்டனுக்கும் வேறு நீளத்தில் ஒரு தண்டு, எனவே வேறு ஒலி. நமக்குக் கேட்பது 'க்ளிக்' மட்டும்தான்.

வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. விற்பவருக்கு மெயில் அனுப்பி, பட்டன்களை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். நான்கும் க்ளிக் என்றன. விலையை ஏற்றிவிட்டார்! ஆனாலும் வாங்கினேன்.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா? கேட்கும் விலையை நம்பாதீர்கள். தளத்தில் லாகின் செய்து, தேடல் முடிவில் 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையில் விற்ற விலை தெரியும். உடையாத மேல்மூடி, இயங்கும் பட்டன்கள் ஆகிய இரண்டையும் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் செலுத்துங்கள்.