வானலைத் துணைப்பலகை: உழைப்பும் உடைமையும்

தொழில்நுட்பச் சாதனங்களைப் பற்றி எழுதுவோரை இரு சாராராக வகுத்துக் காணலாம். ஒரு சாரார் புதிய கருவி ஒவ்வொன்றிலும் மனிதகுலத்தின் விடிவைக் காண்பவர். மறு சாரார் அதே கருவியில் மனிதகுலத்தின் சீரழிவைக் காண்பவர். முடிவுகளில் மாறுபடினும் அடிப்படை நோக்கில் இவர்கள் ஒன்றுபடுகின்றனர். கருவி தானே தோன்றித் தானே இயங்குகின்றது என்பது இருவர்க்கும் பொதுவான எடுகோள். எவருடைய உழைப்பினால் அது உருவாயிற்று, எவருடைய உடைமையாக அது தொழிற்படுகின்றது என்னும் வினாக்கள் இவர்களிடத்து எழுவதில்லை. அவ்வினாக்களை மிகச் சிறிய பொருளொன்றை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பொருள் 'ஈ.எஸ்.பி.-01' எனப்படும் வானலைத் துணைப்பலகை. 14.3 மில்லிமீற்றர் அகலமும் 24.8 மில்லிமீற்றர் நீளமுமுடைய இச்சுற்றுப்பலகையை ஷென்ஷென் நகரின் 'ஏஐ-திங்கர்' கொம்பனி தயாரித்தது. ஷங்காயைச் சேர்ந்த 'எஸ்பிரெசிவ்' கொம்பனியின் 'ஈ.எஸ்.பி. 8266' என்னும் ஒருங்கிணைந்த சுற்றே அதன் உயிர்ப்பகுதி. 2014 ஓகஸ்ற் மாதத்தில் ஏறத்தாழ 5 அமெரிக்க டொலர் விலையில் இது உலகெங்குமுள்ள இலத்திரனியல் ஆர்வலரின் கவனத்திற்கு வந்தது. அதற்கு முன்னர் இதே பணியைச் செய்த பலகைகள் பன்மடங்கு விலையுடையனவாக இருந்தன.

1. பொருளும் தொழிற்பாடும்

துணைப்பலகை என்பது தனித்து நின்று பயன்படுவதற்கெனத் தோன்றியதன்று. வெப்பநிலையை அளத்தல், நீர்ப்பம்பியை இயக்குதல் போன்ற பணிகளைச் செய்யும் சிறு கட்டுப்பாட்டுப் பலகைகள் ஏலவே வழக்கில் இருந்தன. 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்திற் பிறந்த 'ஆர்டுயினோ' அவற்றுட் புகழ்பெற்றது. ஆயின் அது தான் அளந்ததைத் தொலைவிலிருப்போருக்கு அறிவிக்க இயலாதிருந்தது. ஈ.எஸ்.பி.-01 அக்குறையை நிரப்பியது. எட்டு ஊசிமுனைகளைக் கொண்ட இப்பலகையை 3.3 வோல்ற்று மின்னுடன் இணைத்து, இரு கம்பிகளின் வழியே கட்டளைகளை அனுப்பினால், அது வீட்டிலுள்ள வை-ஃபை இணைப்புப் பெட்டியுடன் தொடர்புகொண்டு இணையத்தை எட்டும்.

இக்கட்டளைகளின் மொழி இலக்கிய மாணவரின் கவனத்திற்கும் உரியது. கட்டளை யாவும் 'ஏ.ரி.' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களுடன் தொடங்குகின்றன. 'கவனி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. 1981 இல் அமெரிக்காவின் ஹேஸ் கொம்பனி, தொலைபேசிக் கம்பியிற் கணினிகளை இணைக்கும் மோடத்திற்காக வகுத்த கட்டளை மரபு இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், கம்பியே இல்லாத சீனப் பலகையும் அதே விளிச்சொல்லைக் கேட்டே விழித்தெழுகின்றது. பழைய உற்பத்தி முறையின் சொற்கள் புதிய உற்பத்தி முறையிலும் எச்சமாக நிலைத்திருத்தலை மொழிவரலாற்றில் நாம் பலகாலுங் காண்கின்றோம். இயந்திர மொழியும் அவ்விதிக்கு விலக்கன்று.

2. துயிலும் விழிப்பும்

வை-ஃபை தோன்றியபோது அது மின்சுவரில் இணைக்கப்பட்ட கணினிகளையும், நாள்தோறும் மின்னேற்றப்படும் மடிக்கணினிகளையும் கருத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. ஆகவே அது மின்னை மிகுதியாக உட்கொள்வது. ஈ.எஸ்.பி. 8266 வானலையில் உரத்துப் பேசும் கணத்தில் 170 மில்லி அம்பியர் வரையும், செவிமடுக்கும்போது 50 மில்லி அம்பியருக்குச் சற்று மேலும் கொள்கின்றது. இணைப்புப் பெட்டி செக்கனுக்கு ஏறத்தாழப் பத்து முறை தன் இருப்பை அறிவிக்கும். அவ்வறிவிப்புகளைக் கேட்பதற்காகக் கருவி அடிக்கடி விழித்திருத்தல் வேண்டும். வயல்வெளியிலோ கிணற்றடியிலோ மின்கலத்தை மாத்திரம் நம்பி நிற்கும் கருவிக்கு இது கட்டுப்படியாகாது.

இதற்குக் காணப்பட்ட தீர்வு துயில். ஆழ்துயில் நிலையில் இச்சுற்றுக்கு 20 மைக்குரோ அம்பியர் போதும். எளிய கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். 2,000 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலம் ஒன்றைக் கொள்வோம். கருவி சராசரியாக 80 மில்லி அம்பியர் பெற்று இடையறாது விழித்திருப்பின் 25 மணித்தியாலங்களில் மின்கலம் தீர்ந்துவிடும். மாறாக, மணித்தியாலத்திற்கு 5 செக்கன் மட்டும் விழித்துச் செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் துயில்வதாயின், அதே மின்கலம் கணக்களவில் ஏறத்தாழ 21 மாதங்களுக்குப் போதும். மின்கலத்தின் இயல்பான கசிவு இக்காலத்தைக் குறைக்கும் எனினும், வேறுபாட்டின் அளவு தெளிவானது.

ஆயின் இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். சுற்றுக்குரிய ஆற்றல் பலகைக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. குறித்த நேரத்தில் ஆழ்துயிலிலிருந்து எழுவதற்குச் சுற்றின் 16ஆம் இலக்க முனை மீள்தொடக்க முனையுடன் இணைக்கப்படல் வேண்டும். ஈ.எஸ்.பி.-01 இன் எட்டு ஊசிமுனைகளுள் அம்முனை இடம்பெறவில்லை. மேலும், தொடக்ககாலப் பலகைகளில் மின் உண்டெனக் காட்டுஞ் செந்நிற விளக்கு இடையறாது ஒளிர்ந்தது. அவ்விளக்கு 2 மில்லி அம்பியர் கொண்டாலும், அது மாத்திரமே மேற்கூறிய மின்கலத்தை 42 நாள்களுக்குள் வெறுமையாக்கிவிடும். ஆர்வலர் பலர் நுண்ணிய கம்பியைப் பற்றுவைத்தும் விளக்கைப் பெயர்த்தெடுத்தும் இக்குறைகளைத் தாமே நீக்கினர். பின்வந்த 'ஈ.எஸ்.பி.-12' போன்ற பலகைகள் அம்முனையை வெளிக்கொணர்ந்தன. உற்பத்தியின் எஞ்சிய பகுதியைப் பயன்படுத்துவோரே செய்துமுடித்தனர் என்பது இதன் பொருள்.

3. மலிவின் வரலாறு

ஐந்து டொலர் என்னும் விலை எவ்வாறு சாத்தியமாயிற்று? சீனத் தொழிலாளரின் குறைந்த ஊதியமே காரணம் என்பது பலர் கூறும் விடை. அதில் உண்மை உண்டு; ஆயின் அது முழு உண்மையன்று. தம் 1857-58 குறிப்பேடுகளில் மார்க்ஸ், இயந்திரத்தைச் சமூகத்தின் திரண்ட அறிவு பொருள்வடிவு பெற்றதாகக் கண்டார். இப்பலகையின் வரலாறு அக்கருத்திற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

பல கருவிகள் ஒரே வானலையைப் பகிர்ந்து பேசும் முறையின் முன்னோடி, 1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர் அரசாங்க நிதியுதவியுடன் இயக்கிய 'அலோஹா' வலையமைப்பாகும். 2.4 கிகா ஹேட்ஸ் உள்ளிட்ட மீடிறன் பட்டைகளில் உரிமம் இன்றித் தொடர்பாட அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணையம் 1985 இல் இடமளித்தது. சுவர்களில் எதிரொலித்துச் சிதையும் சமிக்ஞையை மீட்கும் முறையை 1990களில் வகுத்தோருள் அவுஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தினர் முக்கியமானவர். 1997 இல் முதல் வை-ஃபை நியமம் வெளிவந்தது. பொது நிதியும் பொது வானலையும் பல்கலைக்கழக ஆய்வும் இதற்கு அடித்தளமாயின என்பது வெளிப்படை.

அண்மைக் கட்டத்திலும் இதே போக்கைக் காணலாம். 2014 இல் இப்பலகை பரவியபோது அதன் ஆவணங்கள் பெரும்பாலும் சீனமொழியிலேயே இருந்தன. அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோர் ஊதியம் பெறாத ஆர்வலர். அதே ஆண்டு ஒக்ரோபரில் கொம்பனி மென்பொருள் விருத்திக் கருவித்தொகுதியை வெளியிட்டது. அதன்பின் சுற்றினுள் இருந்த 32 துகள் செயலியை நேரடியாக நிரலிடுதல் சாத்தியமாயிற்று. துணைப்பலகையாகத் தோன்றியது தனித்து நின்று இயங்கும் கணினியாகவே மாறிவிட்டது. 2015 இல் ஆர்டுயினோச் சூழலை இச்சுற்றுக்கு இசைவாக்கிய பணியும் தன்னார்வப் பணியே. அதனைத் தொடக்கியவரைக் கொம்பனி பின்னர் தன் பணியில் அமர்த்திக்கொண்டது. கூட்டுழைப்பு பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதியைப் பெருக்கிற்று. அதனால் விரிந்த சந்தையின் பயன் கொம்பனிக்குச் சேர்ந்தது. 2018 தொடக்கத்தில், தான் விற்ற சுற்றுகள் 10 கோடியை எட்டியதாக அது அறிவித்தது.

இதனாற் கொம்பனியின் பங்களிப்பை மறுத்தல் தகாது. பெருங்கொம்பனிகள் இறுகப் பற்றியிருந்த துறையில், ஆவணங்களைத் திறந்து வைத்தமை முற்போக்கான செயலே. எனினும் திறப்பு முழுமையானதன்று. வானலையை ஆளும் மென்பொருட்பகுதி மூலவடிவில் வழங்கப்படவில்லை; இயந்திரக் குறிகளாகவே வழங்கப்பட்டது. பின்வந்த 'ஈ.எஸ்.பி. 32' சுற்றின் அப்பகுதியை ஆராய்ந்து திறந்த மென்பொருளாக எழுதும் முயற்சியொன்று 2023 இல் பெல்ஜியத்தின் கெந்த் பல்கலைக்கழக மாணவர் கணினிக் கழகத்தின் வழியாக வெளிவந்தமை பல்கலைக்கழகக் கழகங்கள் மனங்கொள்ளத்தக்க செய்தியாகும்.

4. விழித்தெழுந்து யாரோடு பேசுகின்றது?

இதுவரை கூறியவை உற்பத்திச் சக்திகளைப் பற்றியன. உற்பத்தி உறவுகளைப் பற்றிய வினா இனித்தான் எழுகின்றது. துயில் நீங்கிய கருவி யாரோடு பேசுகின்றது?

ஷென்ஷெனில் தயாரிக்கப்பட்ட 'சொனோஃப்' மின்னாளிகள் பலவற்றில் ஈ.எஸ்.பி. 8266 பொருத்தப்பட்டிருந்தது. அவற்றை வாங்கியவர் தம் தொலைபேசியிலிருந்து வீட்டு விளக்கை ஏற்ற முனையின், கட்டளை முதலில் கொம்பனியின் தொலைதூரச் சேவையகத்தை அடைந்து அங்கிருந்தே வீட்டிற்குத் திரும்பிற்று. விளக்கு வாங்கியவருக்குச் சொந்தம். விளக்குடனான பேச்சு கொம்பனிக்குச் சொந்தம். தியோ அரென்ட்ஸ் என்பவர் தொடக்கிய 'தஸ்மோட்டா' என்னும் திறந்த மென்பொருள் இவ்வுறவை மாற்ற முயன்றது. அதனை ஏற்றிய மின்னாளி வீட்டு வலையமைப்பினுள்ளேயே பேசும். வெளிச் சேவையகம் தேவைப்படாது.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. 'ரிவோல்வ்' என்னும் வீட்டுக் கருவி ஏறத்தாழ 300 டொலருக்கு விற்கப்பட்டது. அதனைத் தயாரித்த கொம்பனியை 2014 இல் 'நெஸ்ட்' விலைக்கு வாங்கியது. 2016 மே மாதத்திற் சேவை நிறுத்தப்பட்டது. கருவியில் எப்பழுதும் இல்லை. ஆயினும் அது ஒரே நாளிற் பயனற்ற பெட்டியாயிற்று. பண்டத்தை விற்றபின்னும் அதன் உயிர்நாடியை விற்றவனே வைத்திருக்கும் புதியதோர் உடைமை வடிவம் இங்கு வெளிப்படுகின்றது.

இதற்குத் தனிமனிதத் திறமையினாற் பரிகாரம் காணலாம் எனச் சிலர் கருதுவர். மென்பொருளை மாற்றியேற்றத் தெரிந்தவர் விடுதலை பெறலாம்; தெரியாதோர் பெரும்பான்மையினர். சட்டத்தின் தலையீடு தொடங்கியுள்ளது எனினும் அது போதியதன்று. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையக் கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தபட்சம் எத்துணைக் காலம் வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் அறிவித்தல் வேண்டும் என்கின்றது. அக்காலம் கழிந்தபின் மென்பொருளைப் பொதுவுடைமையாக்க அது வற்புறுத்தவில்லை. புதிய தொழில்நுட்பமும் தன்னளவில் இச்சிக்கலைத் தீர்ப்பதன்று. நோர்வேயின் 'நோர்டிக்' கொம்பனி 2022 இல் அறிவித்த குறைமின் வை-ஃபை சுற்றும் அதற்கான துணைப்பலகையும், எப்போது விழிப்பது என இணைப்புப் பெட்டியுடன் முன்னரே உடன்படும் ஆற்றலுடையன. அதனாற் துயில் ஆழமாகின்றது. விழித்தபின் எவருடைய சேவையகத்தை நாடுவது என்னும் வினா அவ்வண்ணமே நிற்கின்றது.

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து இரு முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இப்பலகையின் மலிவு ஒரு கொம்பனியின் கொடையன்று. பல நாட்டு ஆய்வாளர், தொழிலாளர், ஆர்வலர் ஆகியோரின் கூட்டுழைப்பு அதிற் செறிந்துள்ளது. இரண்டாவது, அக்கூட்டுழைப்பின் விளைவு தனியுடைமையாகும் இடம் கருவியன்று. கருவி சென்றடையும் சேவையகமும் மூடப்பட்ட மென்பொருளுமே. ஆகவே பல்கலைக்கழகங்களும் பொது நிறுவனங்களும் இணையக் கருவிகளை வாங்கும்போது விலையை மாத்திரம் வினவுதல் போதாது. சேவையகம் மூடப்படின் கருவி தொடர்ந்து இயங்குமா, மென்பொருளை மாற்றியேற்ற உரிமை உண்டா என்னும் இரண்டையும் எழுத்தில் வினவுதல் வேண்டும். கூட்டாக வாங்குவோர் கூட்டாக வினவும்போதே அவ்வினாவுக்கு வலிமை உண்டாகும்.